முதல் விற்பனை வேலையில் கற்றது: மாதக் கடைசியில் தள்ளிய சரக்கு எங்கே போய்ச் சேருகிறது?

கரிசல்காட்டான் எழுதியது:

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோவில்பட்டியில், நிறுவனத்தின் சரக்கை வாங்கிக் கடைகளுக்கு விற்கும் ஓர் ஏஜென்சியில் லைன் விற்பனையாளராகச் சேர்ந்தேன். அதுதான் என் முதல் வேலை. சம்பளம் 8,500 ரூபாய். பெட்ரோலுக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய். டார்கெட்டை எட்டினால் இன்சென்டிவ். சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்குப் பலசரக்குக் கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் ஆர்டர் எடுப்பதும், மறுநாள் குட்டி யானையில் சரக்கு போய் இறங்கிய பிறகு, அடுத்த வாரம் அதே கிழமையில் சென்று பணம் வசூலிப்பதும் என் வேலை. திங்கள் கோவில்பட்டி பஜார், செவ்வாய் எட்டயபுரம், புதன் கயத்தாறும் கடம்பூரும், வியாழன் கழுகுமலை, வெள்ளி விளாத்திகுளம் என்று லைன் பிரித்திருந்தார்கள்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு அடி வாங்கினேன். காலை எட்டு மணிக்கு, இன்னும் போணி ஆகாத ஒரு கடையில் போய் நின்று பாக்கி கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைக்காமலேயே என்னைத் தெருவுக்கு அனுப்பினார். அடுத்தது வெள்ளிக்கிழமை லைன். விளக்கு வைத்த பிறகு வெள்ளிக்கிழமையில் கல்லாவிலிருந்து பணம் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனாலும் விற்பனைக்கு வந்தவுடன் அது எனக்கு மறந்துபோயிற்று. மாலையில் பன்னிரண்டு கடைகள் ஏறி இறங்கி வெறுங்கையுடன் திரும்பிய பிறகுதான், வெள்ளிக்கிழமை லைனை மறுமுனையிலிருந்து தொடங்கி நான்கு மணிக்குள் வசூலை முடிக்கும்படி மாற்றிக்கொண்டேன். நிறுவனம் எங்களுக்கு நடத்திய மூன்று நாள் பயிற்சியில் முகமலர்ச்சி, கைகுலுக்கல், ஆட்சேபங்களைக் கையாளுதல் எல்லாம் இருந்தன, போணி இல்லை.

ஆனால் இந்த இழையைத் தொடங்குவதற்குக் காரணம் வேறு. 2016 மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை. ஆண்டு முடிவு, டார்கெட்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் குறைவு. விளாத்திகுளம் லைனில் ஊருக்குச் சற்று வெளியே, ஒரு விலக்கில், வயதான ஆச்சி ஒருவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு சரம் ஷாம்பு, அரை டஜன் சோப்பு, எப்போதாவது ஒரு பெட்டி ஐந்து ரூபாய் பிஸ்கட் என்பதே அவருடைய கொள்முதல். அன்று அவர் கடையில் பன்னிரண்டு சரமும் நான்கு பெட்டி பிஸ்கட்டும் பில் போட்டேன். பெட்டிக்கு இரண்டு பாக்கெட் இலவசம் என்று ஸ்கீம் இருந்தது. "இவ்வளவு எதுக்குத் தம்பி, எலி திங்கவா?" என்று கேட்டார். "வித்துத் தர்றது என் பொறுப்பு ஆச்சி" என்றேன். அன்றைய வெயிலில் அவர் எனக்குக் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே அதைச் சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. இதையே நாற்பது கடைகளில் செய்து டார்கெட்டை எட்டினேன். 1,800 ரூபாய் இன்சென்டிவ் வந்தது.

ஏப்ரலில் என் விற்பனை பாதியாகக் குறைந்தது. எந்தக் கடையிலும் இடமில்லை. ஆகஸ்டில் ஆச்சி ஒரு தகர டப்பாவின் மூடிமேல் பிஸ்கட் பாக்கெட்டுகளை, தேதி அச்சிட்ட பக்கம் என்னைப் பார்க்கும்படி, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். நாற்பத்தொரு பாக்கெட், 205 ரூபாய். ஏஜென்சியில் கேட்டேன், காலாவதிச் சரக்கைத் திரும்ப எடுப்பதற்கான வரம்பு அந்தக் காலாண்டுக்கு முடிந்துவிட்டது என்றார்கள். கடைக்காரர்கள் என்னிடம் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "அடுத்த வாரம் பார்ப்போம்." அதற்கு அடுத்த வாரமும் வராதே, அதற்கடுத்த வாரமும் வராதே என்று பொருள் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. ஆச்சியிடம் போய், "அடுத்த வாரம் பார்ப்போம் ஆச்சி" என்று நான் சொன்னேன். அவருக்கு அதன் பொருள் என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் பாக்கெட்டுகளைச் சாக்கில் போட்டுக் கட்டினார். அதன்பின் நான் அந்த லைனில் இருந்த இரண்டரை ஆண்டுகளில் அவர் என்னிடம் ஒரு சரம்கூட வாங்கவில்லை.

என்னிடம் அன்று 205 ரூபாய் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுக்கத் தோன்றவில்லை என்பதைத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் விளங்கிக்கொள்ள முயல்கிறேன். விற்பனையை முதல் வேலையாகப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மாதக் கடைசியில் சரக்கைத் தள்ளுவதை நீங்கள் எப்படிக் கற்றீர்கள், எப்போது விட்டீர்கள், அல்லது ஏன் விடவில்லை என்பதை எழுதுங்கள்.

விருதை வணிகர் எழுதியது:

தம்பி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். விருதுநகரில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஏஜென்சி நடத்தினேன். நீங்கள் உங்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த நாற்பது கடைகளுக்கு முன்னால், அதே சரக்கு உங்கள் முதலாளியின் கிட்டங்கிக்குள் அதே முறையில்தான் தள்ளப்பட்டிருக்கும். நிறுவனம் தன் விற்பனையைக் கணக்கில் எழுதுவது ஏஜென்சிக்குப் பில் அடித்தவுடன். ஏஜென்சி எழுதுவது கடைக்குப் பில் அடித்தவுடன். வாடிக்கையாளர் ஒரு ரூபாயைக் கொடுத்துச் சரத்திலிருந்து ஒரு பொட்டலத்தைக் கிழித்து வாங்கும்போது நடப்பதுதான் உண்மையான விற்பனை; அதை யாரும் எழுதுவதில்லை.

சரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்பைச் சிறு பொட்டலத்தில் அடைத்து விற்கலாம் என்று காட்டினார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயுடன் தனியாகத் தொடங்கிய தொழில்தான் சிக் ஷாம்பு. வெற்றுப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு பொட்டலம் இலவசம் என்று அவர்கள் செய்த ஏற்பாட்டைப் பழைய வியாபாரிகள் இன்றும் பேசுவார்கள். அதை நான் மெச்சுவதற்குக் காரணம், இலவசம் என்பதல்ல. வெற்றுப் பொட்டலம் திரும்பி வருகிறது என்றால் உள்ளே இருந்தது தலையில் தேய்க்கப்பட்டுவிட்டது என்று பொருள். உங்கள் பிஸ்கட் ஸ்கீம் கடைக்காரர் வாங்குவதற்குக் கொடுத்த இலவசம். சிக் ஷாம்பினுடையது குளிக்கிறவர் தீர்த்ததற்குக் கொடுத்த இலவசம்.

ஏஜென்சியின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லைனில் இருக்கும் பையன்களுக்கு முதலாளியிடம் பணம் கொட்டிக் கிடப்பதாக ஒரு நினைப்பு உண்டு. எங்கள் லாபம் தோராயமாக நூற்றுக்கு ஐந்து. மாதம் இருபது லட்சத்துக்கு விற்றால் ஒரு லட்சம். அதில் மூன்று பேர் சம்பளம், வண்டி, டீசல், கிட்டங்கி வாடகை, வங்கி வட்டி எல்லாம் போய்க் கையில் நிற்பது இருபத்தைந்தாயிரம். ஒரு கடைக்காரர் பதினைந்தாயிரம் பாக்கியோடு இரவோடிரவாகக் கடையைக் காலி செய்துவிட்டால், அந்தப் பணத்தைத் திரும்ப ஈட்ட மூன்று லட்சத்துக்குச் சரக்கு விற்கவேண்டும். இதை நான் ஒவ்வொரு புதிய பையனுக்கும் சேர்ந்த முதல் நாளே காகிதத்தில் போட்டுக் காட்டுவேன். பெரும்பாலோர் தலையாட்டுவார்கள். முதல் பாக்கி முழுகிய பிறகே அது மண்டையில் ஏறும்.

2017 ஜூன் மாதத்தை நீங்கள் லைனில் பார்த்திருப்பீர்கள். ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. என்றவுடன், பழைய வரியில் வாங்கிய சரக்கு கையில் தங்கினால் வரிக் கழிவு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தில் யாருமே சரக்கு எடுக்கவில்லை. நிறுவனத்து அதிகாரிகள் அலறினார்கள். எனக்கோ அது வியாபாரத்தில் நான் கண்ட மிகத் தெளிவான மாதம். அலமாரிகள் காலியாகக் காலியாக, என் ஊரில் எது உண்மையாகவே விற்கிறது, எது நாங்கள் தள்ளித் தள்ளி உயிரோடு வைத்திருந்தது என்பது துலக்கமாகத் தெரிந்துவிட்டது. பதினோரு வகை சோப்பு வைத்திருந்தேன். கேட்டு வந்தது நான்கு.

ஆச்சியின் 205 ரூபாயை உங்கள் முதலாளி கொடுத்திருக்கவேண்டும். என் பையன் யாராவது என்னிடம் வந்து நின்றிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று கேட்டால், 2005இல் கொடுத்திருக்கமாட்டேன், 2015இல் கொடுத்திருப்பேன் என்றுதான் நேர்மையாகச் சொல்லமுடியும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே இருவரும் எழுதியதைப் படித்தேன். மோரும் ஆச்சியும் மனத்தைத் தொடுகின்றன. ஆனால் நடைமுறை என்ன? டார்கெட் எட்டாத பையனை மூன்றாவது மாதம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவன் வீட்டிலும் ஓர் ஆச்சி உண்டு. சரக்கைத் தள்ளாமல் ஒருவன் லைனில் நீடித்ததை நான் பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை கடைக்காரருக்கும் இருக்கிறது. அவர் வியாபாரி, குழந்தை இல்லை. ஸ்கீமுக்கு ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, விற்காதபோது லைன் பையனைக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

கரிசல்காட்டான் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா, பஜாரில் பெரிய கடை வைத்திருக்கும் அண்ணாச்சிகளைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. மார்ச் கடைசியில் நான் தவிப்பேன் என்பதை அவர்கள் பிப்ரவரியிலிருந்தே அறிந்து, வாங்கவேண்டியதை எல்லாம் ஒத்திப்போட்டு, 28ஆம் தேதிக்குமேல் என்னிடம் கூடுதல் ஸ்கீம் கறப்பார்கள். அவர்களிடம் நான்தான் குழந்தை. ஆனால் ஆச்சி வேண்டாம் என்றுதான் சொன்னார். "என் பொறுப்பு" என்று நான் சொன்னதால் வாங்கினார். அவர் வாங்கியது ஸ்கீமை அல்ல, என் சொல்லை. அந்த வேறுபாட்டை நீங்கள் ஏற்பீர்கள் என்று நினைக்கிறேன்.

தள்ளாமல் நீடிக்கமுடியுமா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த அரைகுறையான பதில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆகஸ்டுக்குப் பிறகு கடைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, போகும்போதெல்லாம் தொங்குகிற சரத்தில் எத்தனை பொட்டலம் மீதி, எந்தக் கிழமையில் கையில் பணம் இருக்கும், பாக்கியைச் சொன்ன நாளில் கொடுப்பவரா, இழுப்பவரா என்று எழுதத் தொடங்கினேன். கோவில்பட்டியைச் சுற்றித் தீப்பெட்டி ஆலைகள் உள்ள ஊர்களில் வாரக் கூலி கைக்கு வரும் சனிக்கிழமை மாலையில் கடைக்குப் பணம் வரும். வியாழனன்று போய்க் கேட்டால் இல்லாத பணத்தைத்தான் கேட்கிறோம். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. நோட்டுதான் சொன்னது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலையில் நான் ஆறு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்த இரண்டு பாக்கிதாரர்கள் தாமாகவே தொலைபேசியில் அழைத்து, முழுப் பாக்கியையும் உடனே வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். எல்லாம் பழைய ஐந்நூறுகள். முதலாளி வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதன்பின் மூன்று வாரங்களுக்கு யாரிடமும் எந்தப் பணமும் இல்லை. ஏஜென்சி கடன் பில்லை அறவே நிறுத்தியது. அப்போது அந்த நோட்டைக் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்து, இந்த முப்பத்தாறு கடைகளுக்கு மட்டும் மூன்று வாரக் கடன் கொடுங்கள் என்று கேட்டேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சில பெயர்களை அடித்தார், ஒன்றிரண்டைத் தாமே சேர்த்தார், பிறகு சம்மதித்தார். மற்ற ஏஜென்சிகளின் வண்டிகள் நின்றிருந்த அந்த நாட்களில் எங்கள் வண்டி ஓடியது. ஜனவரி முடிவில் இரண்டு கடைகளைத் தவிர எல்லாப் பணமும் வந்துவிட்டது. ஆச்சியின் பெயரையும் முப்பத்தாறில் எழுதியிருந்தேன். நேரில் போய்ச் சொன்னபோது, "எனக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மலைக்கோட்டை ரெப் எழுதியது:

நான் 2004இல் திருச்சியில் மருந்து விற்பனைப் பிரதிநிதியாகத் தொடங்கியவன். எங்கள் தொழிலில் யாரிடம் பேசுகிறோமோ அவர் வாங்குவதில்லை, யார் பணம் கொடுக்கிறாரோ அவருக்கு நம்மைத் தெரியாது. மருத்துவர் சீட்டில் எழுதுகிறார். மருந்துக் கடைக்காரர் ஸ்டாக்கிஸ்டிடமிருந்து, அதாவது மொத்த விற்பனையாளரிடமிருந்து, எடுத்து வைக்கிறார். நோயாளி காசு கொடுக்கிறார். ஆனால் மாதக் கடைசி எங்களுக்கும் உங்களுடையதைப் போன்றதே. 30ஆம் தேதி இரவு ஸ்டாக்கிஸ்ட் கடை வாசலில் நின்று, அடுத்த மாதம் எடுத்துக்கொள்வோம் என்று கெஞ்சிப் பில் போடவைத்த நாட்கள் எனக்கும் உண்டு. விருதை ஐயா சொன்னதுபோல், நிறுவனம் பில் அடிக்கும் முதல்நிலை விற்பனைக்கும் கடைக்குப் பில் அடிக்கும் இரண்டாம்நிலை விற்பனைக்கும் உள்ள இடைவெளியில்தான் எங்கள் மேலாளர்கள் குடித்தனம் நடத்தினார்கள்.

எனக்குக் கிடைத்த பாடம் வேறு இடத்திலிருந்து வந்தது. சேர்ந்த ஐந்தாவது மாதம், புத்தூர் பக்கம் ஒரு மூத்த மருத்துவரிடம், இரவு ஒன்பதரை மணிக்குக் கடைசி நோயாளியும் போன பிறகு உள்ளே அழைக்கப்பட்டேன். படங்கள் உள்ள அட்டைப் புத்தகத்தைப் பிரித்து, மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களைச் சொன்னேன். அவர் இடைமறித்து, சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்த ஆன்டிபயாட்டிக்கின் அளவை எவ்வளவு குறைக்கவேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "குறைக்கத் தேவையில்லை டாக்டர்" என்றேன். அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, பக்கம் தேடி, குறைக்கவேண்டிய அளவை உரக்கப் படித்தார். புத்தகத்தை மூடினார். "போயிட்டு வாங்க" என்றார். கோபமே இல்லை. அடுத்த ஏழு மாதங்கள் வரவேற்பறையில் இருந்த அம்மா என் அட்டையை வாங்கிக்கொள்வார், ஆனால் உள்ளே அழைப்பு வராது.

ஏழு மாதங்கள் வாரந்தோறும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கே காத்திருந்த மற்ற ரெப்புகளிடமிருந்தே தொழில் கற்றேன். 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களுக்கென்று தனிச் சட்டம் வந்திருந்தது என்பதையும், நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொன்னதையும், என்னிடம் அப்படியொரு கடிதமே இல்லாத நிலையில், அந்தப் பெஞ்சில்தான் அறிந்தேன். எட்டாவது மாதம் மருத்துவர் அழைத்து இன்னொரு கேள்வி கேட்டார். "தெரியாது டாக்டர், நாளைக் காலை எழுத்தில் கொண்டுவருகிறேன்" என்றேன். கொண்டுபோனேன். அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் என் மருந்தைச் சீட்டில் எழுதினார்.

பரிசுப் பொருட்களைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறை, மருத்துவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் பரிசு கொடுப்பதைத் தடை செய்கிறது. என் காலத்தில் சுவர்க் கடிகாரத்திலிருந்து எல்லாம் ஓடின. கடிகாரம் கொடுத்த இடத்தில் அடுத்தவன் கொடுத்த கடிகாரமும் தொங்கியது என்பதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தறிநிழல் எழுதியது:

தேங்கிய சரக்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கும் சொல்ல இருக்கிறது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நான்கு ஆண்டுகள் நின்றேன். நின்றேன் என்று எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை, சாப்பாட்டு நேரம் தவிர, உட்காரக்கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் சேலைகளை மடித்துக்கொண்டே நிற்கவேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியபோது நான் அந்த வேலையில் இல்லை. செய்தியைப் படித்துவிட்டு என் கெண்டைக்காலில் புடைத்திருக்கும் நரம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் கடையில் ஆறு மாதத்துக்குமேல் போகாத சேலைகளின் விலைச்சீட்டில் சிறிய வண்ணப் புள்ளி ஒன்று ஒட்டுவார்கள். மஞ்சள் என்றால் விற்பவருக்கு 20 ரூபாய், சிவப்பு என்றால் 50. வாடிக்கையாளருக்கு அது என்னவென்று தெரியாது. ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தவுடன் எங்கள் கை தானாகச் சிவப்புப் புள்ளியை நோக்கிப் போகும். கல்யாணப் பெண் வேறொரு சேலையின் முந்தானையைத் தடவிக்கொண்டிருப்பாள், நாங்களோ, "இது உங்க நிறத்துக்கு எடுத்துக் கொடுக்கும்மா" என்று தேங்கிய சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடிமுன் நிறுத்துவோம்.

வாய் சொல்வதைவிடக் கை சொல்வதைக் கவனிக்கவேண்டும் என்பதை அக்கா ஒருவர் கற்றுக் கொடுத்தார். பிடிக்காத சேலையைப் பெண்கள் விரல் நுனியால் தள்ளுவார்கள். பிடித்ததை, விலையைக் கேட்டு வேண்டாம் என்று சொன்ன பிறகும், மடிப்பைச் சரிசெய்வதுபோல் ஒருமுறை நீவுவார்கள். அப்படி நீவிய சேலையை அகற்றாமல் ஓரமாக வைத்துவிட்டு நான்கு சேலைகளைக் காட்டி, ஐந்தாவதாக அதையே திரும்பப் பிரிக்கவேண்டும். கூட வந்திருக்கும் மாமியாரோ அத்தையோ முதலில் பார்க்கட்டும் என்று அவர் பக்கம் முந்தானையை விரிக்கவேண்டும். இவை இன்றும் எனக்குப் பயன்படுகின்றன, ஏனென்றால் இப்போது வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறேன். கையைப் பார்க்கமுடியாததுதான் பெரிய குறை.

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு ஒரு சொல். வாங்குபவர் குழந்தை இல்லைதான். ஆனால் புள்ளி யாருடைய கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒருமுறை என் சொந்தச் சித்தியே மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்து, நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் என்னிடமே பொறுப்பை ஒப்படைத்தார். மேற்பார்வையாளர் பின்னால் நின்றார். சிவப்புப் புள்ளிச் சேலை ஒன்றைக் கொடுத்தேன். முதல் முறை பிரித்துக் கட்டும்போதே மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை வெடித்திருந்தது. சித்தி அதைப் பற்றி என்னிடம் ஒருபோதும் கேட்கவில்லை, அம்மாவிடம்தான் சொன்னார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சகோதரி, புள்ளியைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறுக்கவில்லை. நான் சொன்னது வியாபாரிக்கும் வியாபாரிக்கும் இடையே உள்ள வழக்கு. விவரம் அறியாத வாடிக்கையாளருக்கு அது பொருந்தாது. ஆனால் ஆச்சியை எந்தப் பக்கத்தில் நிறுத்துவது என்பதில் எனக்கு இன்னும் ஐயம் இருக்கிறது.

திண்டுக்கல் பட்டதாரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இந்த ஆண்டு பி.காம். முடித்தவன். எனக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. ஒன்று, உள்ளூர் ஏஜென்சியில் லைன் வேலை, சம்பளம் 14,000. வேடசந்தூர், வடமதுரை பக்கம். மற்றொன்று ஒரு தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில், 22,000. ஆனால் முதல் மூன்று மாதங்களில் குறிப்பிட்ட தொகைக்குப் பாலிசி பிடிக்கவேண்டும், இல்லையென்றால் வேலை உறுதியாகாது. வீட்டில் இரண்டாவதற்குப் போகச் சொல்கிறார்கள். எதைக் கேட்டு முடிவு செய்யவேண்டும் என்று பெரியவர்கள் சொல்லமுடியுமா?

மலைக்கோட்டை ரெப் எழுதியது:

தம்பி, காப்பீட்டில் முதல் மூன்று மாதங்களின் பாலிசிகளை உங்கள் பெரியப்பா, மாமா, அப்பாவின் நண்பர் ஆகியோர்தான் எடுப்பார்கள். நிறுவனத்துக்கும் அது தெரியும். நேர்காணலில் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்தக் கிளையில் பிடித்த பாலிசிகளில் எத்தனை பதின்மூன்றாம் மாதமும் பிரீமியம் கட்டப்பட்டு உயிரோடு இருக்கின்றன? அந்த அளவை எல்லா நிறுவனங்களும் கணக்கிட்டு வைத்திருக்கின்றன. பதிலைச் சுற்றி வளைத்தால் புரிந்துகொள்ளுங்கள். சேர்ந்துவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொருவரிடமும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லமுடியாத இடத்தில் பாலிசியை விற்காதீர்கள். அவர்கள் உங்கள் உறவினர்கள், தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.

விருதை வணிகர் எழுதியது:

ஏஜென்சி வேலைக்கு நான் சொல்கிறேன். சம்பளச் சீட்டில் யாருடைய பெயர் இருக்கும், ஏஜென்சியா, நிறுவனமா என்று கேளுங்கள். காலாவதிச் சரக்கையும் உடைந்த சரக்கையும் கடையிலிருந்து திரும்ப எடுக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை நாளில் கடைக்குக் கழித்துக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கடைக்காரர் ஓடிவிட்டால் பாக்கியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று கேளுங்கள். பிடிப்போம் என்றால் அந்த 14,000 உண்மையில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. வேலையில் சேர்வதற்கு முன் ஒருநாள், இப்போது லைனில் இருக்கும் பையனோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்வர அனுமதி வாங்குங்கள். மறுத்தால் அந்த ஏஜென்சி வேண்டாம்.

கரிசல்காட்டான் எழுதியது:

விருதை ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பின்னால் உட்கார்ந்து போகும்போது, வண்டி ஓட்டும் பையன் கடைவாசலில் நிறுத்தியவுடன் கடைக்காரரின் முகத்தைப் பாருங்கள். பேச்சைக் கேட்காதீர்கள். எழுந்து வருகிறாரா, கல்லாவிலேயே இருக்கிறாரா, உள்ளே திரும்பி வேறு வேலையைத் தொடங்குகிறாரா என்று கவனித்தால், அந்த ஏஜென்சி அந்த ஊரில் முந்தைய மார்ச் மாதத்தில் என்ன செய்தது என்பது தெரிந்துவிடும்.

திண்டுக்கல் பட்டதாரி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஏஜென்சியில் இன்று மாலை கேட்டேன். முதலாளி சிரித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வேடசந்தூர் லைனுக்குப் போய்வரச் சொல்லியிருக்கிறார். காப்பீட்டு நிறுவனத்தில் பதின்மூன்றாம் மாதக் கேள்வியைக் கேட்டதற்கு, கிளை மேலாளர் ஊரில் இல்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்கள்.

விருதை வணிகர் எழுதியது:

செவ்வாய்க்கிழமை தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் கையெழுத்துப் போட உங்கள் பேனாவைக் கேட்பார். மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.